எந்தச் சூஜோ, எந்த ஜின்ஜோ?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் 1948-ல் நடந்த சீன உள்நாட்டுப் போரைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. இப்படிப்பட்ட விஷயத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதே பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் தலைப்பில் 'சூஜோ போர்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு வரைபடம், அதில் ஷாங்காய்க்குக் கொஞ்சம் மேற்கே ஒரு சிவப்புப் புள்ளி, அதன் கீழே 'பட்டுக்கும் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற சூஜோ நகரம்' என்று ஒரு குறிப்பு. அந்தப் புள்ளி இருக்கிற இடத்தில் அந்தப் போர் நடக்கவில்லை. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த ஊரின் பெயர் ஷூஜோ. அதுவும் ஜியாங்சு மாகாணம்தான், ஆனால் அதன் வடகோடி. பட்டு சூஜோ இருப்பது தென்கோடியில்.

கட்டுரையை எழுதியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் எங்கே வழுக்கினார் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதே இடத்தில்தான் வழுக்கினேன். 1948-ல் வந்த ஆங்கிலப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் அந்த ஊருக்கு 'சுசௌ' என்று போட்டிருப்பார்கள். பட்டு ஊருக்கு 'சூசௌ', நெடிலுக்கு இரண்டு ஓ போட்டு. சீனத் தபால் துறை ஊர்ப் பெயர்களுக்கு வைத்திருந்த அந்தக் காலத்து ஆங்கில எழுத்துமுறையில், அதாவது அஞ்சல் எழுத்துமுறையில், இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கு ஒருவர் பழைய புத்தகத்தில் 'சுசௌ' என்று படித்துவிட்டு, இதன் இக்காலப் பெயர் என்ன என்று தேடினால், காதுக்குப் பக்கத்தில் வருவது சூஜோதான். கைப்பேசி வரைபடமும் அங்கேதான் கொண்டுபோய் விடும். அப்புறம் வரைபடம் வரைகிறவர் அங்கே புள்ளி வைப்பார், படம் தேடுகிறவர் தோட்டத்துப் படத்தை எடுத்துப் போடுவார், ஒரு எழுத்தில் தொடங்கிய பிழை ஒரு முழுப் பக்கமாக வளர்ந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்று புரியும். அதே போரில், அதே களத்தில், உண்மையாகவே ஒரு சூஜோ உண்டு. ஷூஜோவுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், அன்ஹுய் மாகாணத்தில், ரயில் பாதை மேல் இருக்கிற ஊர். அன்றைக்கு அதைச் சூசியான் என்றார்கள், இன்றைக்கு அதுதான் அன்ஹுய்ச் சூஜோ. 1948 நவம்பர் நடுவில் கம்யூனிஸ்டுப் படை அந்த ஊரைப் பிடித்ததும் ஷூஜோவில் இருந்த, சியாங் கை ஷேக்கின் தேசியவாதப் படைக்குத் தெற்கே போகிற வழி அடைபட்டுவிட்டது. போரின் போக்கையே அது திருப்பியது. ஆக, 'சூஜோ வீழ்ந்தது' என்று நீங்கள் எழுதினால் அது பட்டு ஊரா, ரயில் பாதை ஊரா, அல்லது பழைய எழுத்தில் வந்த ஷூஜோவா என்று படிக்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? பட்டு ஊர் 1949 ஏப்ரல் கடைசியில்தான் கை மாறியது. ஷூஜோ 1948 டிசம்பர் தொடக்கத்தில். அன்ஹுய் ஊர் நவம்பரில். மூன்று ஊர், மூன்று தேதி, ஒரே தமிழ்ச் சொல்.

66 நாள் நடந்த போர் அது, 1948 நவம்பர் 6-ல் தொடங்கி 1949 ஜனவரி 10-ல் முடிந்தது. கம்யூனிஸ்டுத் தரப்பில் சுமார் 6 லட்சம் பேர், எதிர்த்தரப்பில் சுமார் 8 லட்சம் பேர். தேசியவாதிகளின் இழப்பு 5,55,000 என்பது வென்றவர்கள் வைத்திருக்கிற கணக்கு, அதில் பிடிபட்டவர்களும் கட்சி மாறியவர்களும் அடக்கம். தள்ளுவண்டியில் தானியமும் குண்டும் ஏற்றிக்கொண்டு பனியில் நடந்த கிராமத்துச் சனங்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பதும் அவர்கள் கணக்குதான். இந்தப் போருக்கு மூன்று கட்டங்கள், மூன்றும் சின்னச் சின்ன கிராமங்களின் பெயரில் நினைக்கப்படுகின்றன. முதலில் ஷூஜோவுக்குக் கிழக்கே நியான்ஜுவாங், அங்கே தேசியவாதத் தளபதி ஹுவாங் பைதாவின் படை அழிந்தது, அவரும் நவம்பர் 22-ல் இறந்தார். அடுத்து ஷுவாங்துய்ஜி, டிசம்பர் 15-ல் ஹுவாங் வெய் பிடிபட்டார். கடைசியாகச் சென்குவான்ஜுவாங், அங்கே தளபதி தூ யூமிங் பிடிபட்டார். இரண்டு தளபதிகளுக்கும் 'ஹுவாங்' என்று ஒரே குடும்பப் பெயர், இரண்டு கிராமங்களுக்கும் 'ஜுவாங்' என்று ஒரே ஈறு, ஜுவாங் என்றால் கிராமம். உங்கள் கட்டுரையில் இரண்டு ஹுவாங்குகளும் ஒருவராகிவிட்டார்கள், நவம்பரில் இறந்தவர் டிசம்பரில் சிறைப்படுகிறார்.

போருக்கே இரண்டு பெயர் இருப்பதையும் கட்டுரை சொல்லவில்லை. வென்றவர்கள் அதை ஹுவாய்ஹாய் என்கிறார்கள். ஹுவாய் ஆற்றுப் பக்கத்தையும் கடலோரத்து ஹாய்ஜோவையும் சேர்த்து வைத்த பெயர் அது. தோற்று தைவானுக்குப் போனவர்கள் ஷூபெங் போர் என்கிறார்கள், ஷூஜோவும் அதற்குத் தெற்கே அதே ரயில் பாதையில் இருக்கிற பெங்புவும் சேர்ந்தது. பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இதுவே 'சூபெங்' என்று வரும், பெங்பு 'பெங்பூ' என்று ஆங்கில P எழுத்தில் வரும். நம் ஆள் ஒருவர் இந்த மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் மூன்று போர் நடந்ததாகத்தான் நினைப்பார். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு நோட்டில் மூன்று பக்கம் தனித்தனியாகக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். தேதிகள் எல்லாம் ஒன்றாக வருகிறதே என்று சந்தேகம் வந்த பிறகுதான் மூன்று பக்கத்தையும் கோடு போட்டு இணைத்தேன்.

நான் ரயில்வே மெயிலில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், 33 வருடம் தபால் பிரித்தவன். இரவு வண்டியில் நின்றுகொண்டே கடிதங்களை அடுக்குக் குழிகளில் போடுவதுதான் வேலை. 'புதூர்' என்று மட்டும் எழுதி வருகிற கடிதம் கைக்கு வந்தால் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவோம். எந்தப் புதூர்? 1972-ல் பின்கோடு வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. சீனாவில் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் இப்படித்தான் எழுத வேண்டும் என்று முதலில் ஒழுங்குபடுத்தியவர்களும் தபால்காரர்கள்தான் என்று தெரிந்தபோது எனக்கு அந்த விஷயத்தில் ஒரு தனிப் பிடிப்பு வந்துவிட்டது. 1906-ல் ஷாங்காயில் அந்நாட்டு ஏகாதிபத்திய அஞ்சல் துறை கூடி முடிவு செய்தது. பீக்கிங், நான்கிங், டியன்ட்சின், கான்டன் என்று நம் பெரியவர்கள் வாயில் இருந்த பெயர்கள் எல்லாம் அந்த வழக்கில் நிலைத்தவை. உச்சரிப்பு சரியா தப்பா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம், பை தப்பான ஊருக்குப் போகக் கூடாது என்பதுதான் முதல்.

இதற்குப் பக்கத்திலேயே அறிஞர்கள் வேறொரு முறையை வைத்திருந்தார்கள், வேட் என்கிற ஆங்கிலேய அதிகாரி தொடங்கி, ஜைல்ஸ் 1892-ல் தன் அகராதியில் நிலைப்படுத்திய முறை. மா சே துங் என்று நாம் எழுதுவது அதிலிருந்து வந்தது. பிறகு 1958-ல் சீன அரசு பின்யின் என்ற முறையை ஏற்றது, 1979 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுக்கு அனுப்புகிற எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்தத் தொடங்கியது. அதில் அவர் மாவோ ஜெதொங். சியாங் கை ஷேக் மட்டும் கான்டன் பக்கத்து உச்சரிப்பில் வந்த பெயர், அவர் பின்யினில் ஜியாங் ஜியேஷி, இரண்டும் ஒரே ஆள் என்று யாரும் சொல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது. நம் பள்ளிப் புத்தகத்து யுவான் சுவாங்கும் அப்படித்தான், காஞ்சியைப் பற்றி எழுதிய அந்தத் துறவி இன்றைய எழுத்தில் ஷுவான்ஜாங்.

பின்யினைப் பற்றி நம் பத்திரிகை அலுவலகங்களில் ஒரு விஷயம் போய்ச் சேரவே இல்லை. அது ஆங்கிலேயர் படிப்பதற்காகச் செய்த எழுத்து கிடையாது. சீனப் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழி ஒலியைச் சொல்லிக்கொடுக்கச் செய்தது, அதனால் சும்மா கிடந்த எழுத்துகளை எடுத்துத் தங்களுக்கு வேண்டிய ஒலிக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் எக்ஸ் என்றால் நம் 'ஷி'-க்குப் பக்கம். கியூ என்றால் 'ச்சி'. சி எழுத்து 'ட்ஸ' மாதிரி வரும். இது தெரியாமல் ஆங்கிலமாகப் படித்து எழுதினால் சிங் வம்சம் 'க்விங்' ஆகிறது, கி.பி. 208-ல் செங்குன்றுப் போரில் தோற்ற தளபதி ட்சாவ் ட்சாவ் 'காவோ காவோ' ஆகிறார், ஷூஜோ 'க்சுஜோ' ஆகிறது. இசட்டும் எச்சும் சேர்ந்து வந்தால் தமிழனுக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் நாம் அதை ழகரத்துக்கு வைத்திருக்கிறோம். குவாங்ஜோ என்ற பெயரை முதன்முதலாக ஆங்கில எழுத்தில் பார்த்தபோது நான் குவாங்ழௌ என்றுதான் வாசித்தேன், சீனாவிலும் ழ இருக்கிறதே என்று பெருமைப்பட்டு என் மனைவியிடம்கூடச் சொன்னேன். 2023-ல் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டு நடந்தபோது தமிழில் அந்த ஒரு ஊரை எத்தனை விதமாக எழுதினார்கள் என்று வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஜோ என்பது பழைய ஆட்சிப் பிரிவைக் குறிக்கிற ஈறு, அவ்வளவுதான், நம் ஊர்ப் பெயர்களில் புரம், பட்டி வருகிற மாதிரி. சீனாவில் நூற்றுக்கணக்கான ஊருக்கு அது உண்டு. ஆகவே ஒரு ஊரை இன்னொரு ஊரிலிருந்து பிரிக்கிற முழுப் பாரமும் முதல் அசை மேல்தான் விழுகிறது. அந்த அசையில் ஒரு ஒற்றெழுத்து, ஒரு குறில் நெடில், ஏன், ஒரு மேற்புள்ளி தப்பினால்கூட ஆள் வேறு மாகாணத்தில் இறங்குவான்.

மேற்புள்ளி என்று சொன்னது சும்மா இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் சிங் அரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சியின் கடைசி இரண்டு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1864 மே 11-ல் அரசுத் தரப்பில் லீ ஹொங்ஜாங்கின் படையும் கார்டன் என்ற ஆங்கிலேயரின் கூலிப்படையும் சேர்ந்து சாங்ஜோ என்ற ஊரைப் பிடித்தார்கள். ஜியாங்சுவில், பெருங்கால்வாய் மேல் இருக்கிற ஊர். கார்டன் அங்கே நடத்தியதுதான் கடைசிச் சண்டை, அந்த மாதக் கடைசியில் அவர் படையைக் கலைத்துவிட்டார்கள். ஜூலையில் தலைநகரான நான்ஜிங்கும் விழுந்தது. தப்பித்த தைப்பிங் தலைவர்களில் ஒருவரான லீ ஷிஷியான் தெற்கே ஓடி, அதே 1864 அக்டோபரில் ஃபூஜியான் மாகாணத்தில் ஜாங்ஜோ என்ற ஊரைப் பிடித்து, 1865 மே வரை வைத்திருந்தார். சாங்ஜோவுக்கும் ஜாங்ஜோவுக்கும் நடுவில் 800 கிலோமீட்டருக்கு மேல். வேட்-ஜைல்ஸ் எழுத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கோர்வை, ஒன்றில் சகரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மேற்புள்ளி, அதாவது மேலே தொங்குகிற காற்புள்ளி மாதிரி ஒரு குறி, இருக்கும், மற்றதில் இருக்காது. அச்சடிக்கிறவர்கள் அந்தப் புள்ளியைத் தூசி மாதிரி தட்டிவிட்டார்கள். அஞ்சல் முறையிலும் இரண்டும் 'சாங்சௌ'தான்.

இப்போது பழைய புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எழுதினால் கதை என்ன ஆகும்? மே மாதம் அரசுப்படை சாங்சௌவைப் பிடித்தது, அக்டோபரில் கிளர்ச்சிக்காரர்கள் அதை மீட்டுக்கொண்டார்கள், அடுத்த மே மாதம் மறுபடியும் விழுந்தது. கேட்க எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! அத்தனையும் பொய். நான்ஜிங் விழுந்த பிறகு அதற்குப் பக்கத்திலேயே கிளர்ச்சிக்காரர்கள் திரும்பி எழுந்ததாக ஆகிவிடும். நிஜத்தில் அவர்கள் துரத்தப்பட்டு, மலை தாண்டி, கடலோரத்து மூலையில் போய் ஒதுங்கியவர்கள். இரண்டு கோடிப் பேருக்குக் குறையாமல் மாண்டதாகக் கணிக்கப்படுகிற ஒரு கொடும் போரின் முடிவு ஒரு மேற்புள்ளியில் தலைகீழாகிவிடுகிறது. ஒரு தமிழ்ப் பத்திரிகை வாசகன் இதை எங்கே போய்ச் சரிபார்ப்பான்?

அந்தப் போரிலேயே பட்டு ஊரான சூஜோவும் வருகிறது, 1863 டிசம்பரில் சரணடைந்த தைப்பிங் தலைவர்களை லீ ஹொங்ஜாங் தலை வாங்கியது அங்கேதான், அதனால்தான் கார்டனுக்கும் அவருக்கும் பெரிய சண்டையே வந்தது. பத்து வருடம் கழித்து, 1873-ல், ஜுவோ ஜொங்தாங் என்ற தளபதி முஸ்லிம் கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து ஒரு 'சூஜோ'வை முற்றுகையிட்டுப் பிடித்தார் என்றும் படிப்போம். அது பாலைவன ஓரத்தில் கான்சு மாகாணத்தில் இருக்கிற நான்காவது சூஜோ, இன்றைக்கு ஜியூசுவான் என்று பெயர். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜியாங்சு மாகாணத்தின் பெயரில் இருக்கிற 'சு' பட்டு சூஜோவிலிருந்து வந்தது. கான்சு மாகாணத்தின் பெயரில் இருக்கிற 'சு' பாலைவனச் சூஜோவிலிருந்து வந்தது. இரண்டு ஊரும் ஆளுக்கொரு மாகாணத்துக்குப் பாதிப் பெயரைக் கொடுத்திருக்கின்றன, சீன எழுத்தில் பார்த்தால் யாருக்கும் குழப்பமே வராது, நமக்கு மட்டும் இரண்டும் ஒரே சு.

போன வாரம் ரஷ்ய-ஜப்பான் போர் பற்றி நீங்கள் போட்ட சின்னக் குறிப்பில் வந்தது ஜின்ஜோ. 1904 மே 26-ல் ஜப்பானியர் நான்ஷான் குன்றுகளில் ரஷ்யரை முறியடித்தது ஜின்ஜோவுக்குப் பக்கத்தில்தான், அது சரி. ஆனால் அதே குறிப்பில், '1948-லும் இதே ஜின்ஜோவில்தான் கம்யூனிஸ்டுப் படை வென்றது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இது வேறு ஜின்ஜோ. இரண்டும் ஒரே லியாவ்நிங் மாகாணத்தில்தான் இருக்கின்றன, கடலுக்கு எதிரெதிர்க் கரையில். 1904 ஊர் தாலியனுக்குப் பக்கத்தில், தீபகற்பத்தில். அதன் பெயரில் இருக்கிற ஜின் என்றால் பொன். 1948 அக்டோபர் 15-ல் கம்யூனிஸ்டுத் தளபதி லின் பியாவின் படை பிடித்த ஜின்ஜோ மஞ்சூரியாவுக்குள் நுழைகிற ரயில் வாசல், அதன் ஜின் என்றால் பூவேலை செய்த பட்டு. சீனர் வாயில் இரண்டுக்கும் குரல் ஏற்ற இறக்கம் வேறு, பின்யினில் அந்தக் குறியை விட்டுவிட்டு எழுதுவதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இங்கே பாருங்கள், பழைய தபால்காரர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஒன்றைக் 'கின்சௌ' என்றும் மற்றதைச் 'சின்சௌ' என்றும் எழுதினார்கள். 1932 ஜனவரியில் ஜப்பானியர் சின்சௌவைப் பிடித்தார்கள் என்று அக்காலச் செய்தியில் படித்தால் எந்த ஊர் என்று சந்தேகமே வராது. ஆகவே புதிய எழுத்துதான் எப்போதும் மேல், பழையதைத் தூக்கிப் போடு என்கிற கட்சி நான் இல்லை. எது ஊரைப் பிரித்துக் காட்டுகிறதோ அது வேண்டும். ஆனால் அந்தச் சின்சௌவிலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் 'சின்சியூ' என்று வருவது தெற்கே ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்ஜோ, 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயில் சிற்பங்களும் கிடைத்த ஊர். தமிழர்கள் வணிகம் செய்த அந்த ஊரை மஞ்சூரியாவில் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது.

ஷான்சி விஷயமும் இப்படித்தான். மஞ்சள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஷான்சி, அந்தப் பக்கம் ஒரு ஷான்சி. இரண்டையும் ஆங்கிலத்தில் பிரிக்க ஒன்றுக்கு மட்டும் ஓர் அகரம் கூடுதலாகப் போடுகிறார்கள், தமிழுக்கு வரும்போது அது காணாமல் போகிறது. 1937-ல் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப்படை ஒரு ஷான்சியிலிருந்து புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, இன்னொரு ஷான்சிக்குள் போய்ச் செப்டம்பர் 25-ல் பிங்ஷிங் கணவாயில் ஜப்பானியரைத் தாக்கியது. இதைத் தமிழில் எழுதினால் படை கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. ஷியான், யெனான் இருக்கிற மேற்குப் பக்க மாகாணத்துக்கு நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'ஷென்சி' என்று எழுதுவார்கள், பழைய அஞ்சல் எழுத்தைப் பார்த்து. அதையே திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். உச்சரிப்பு கொஞ்சம் தள்ளிப் போனாலும் படை ஆற்றைக் கடந்துவிடும்.

மஞ்சூரியப் பெயர்களில் எழுத்துமுறைக் குழப்பம் கம்மி, ஆனால் ஆளுக்கொரு பெயர். ரஷ்ய-ஜப்பான் போரில் 1905 பிப்ரவரி 20 முதல் மார்ச் 10 வரை நடந்த முக்டன் சண்டையை ஜப்பானியர் ஹோட்டன் போர் என்பார்கள், சீனர் ஃபெங்தியான் என்பார்கள், இன்றைய வரைபடத்தில் அந்த ஊர் ஷென்யாங். போர்ட் ஆர்தர் இன்றைக்கு லூஷுன். கொரியப் போரில் 1950 கடைசியில் கடுங்குளிரில் அமெரிக்கரும் சீனரும் மோதிய ஏரியை அமெரிக்கர் 'சோசின்' என்று எழுதி வைத்தது, கையில் ஜப்பானிய வரைபடம் இருந்ததால். கொரியர்களுக்கு அது ஜாங்ஜின், சீனர்களுக்கு சாங்ஜின். ஒரே தண்ணீர்.

செங்குன்றுப் போருக்கு எழுத்தைத் தாண்டி இடமே பிரச்சினை. சீனத்தில் செங்குன்றுக்குச் சிபி என்று பெயர். சிபி என்ற பெயரில் ஹூபெய் மாகாணத்தில் ஒரு நகரம் இருக்கிறது, ஆனால் 1998 வரை அதன் பெயர் புச்சி. போர் நடந்த இடம் இதுதான் என்று பெரும்பாலோர் ஏற்றதால் ஊர்ப் பெயரையே மாற்றினார்கள். ஆற்றின் கீழ்ப்போக்கில் ஹுவாங்ஜோ என்ற ஊரிலும் ஒரு செங்குன்று உண்டு, கவிஞர் சூ ஷி 1082-ல் பாடியது அதைப் பார்த்துத்தான். சீனர்கள் ஒன்றைப் போர்ச் செங்குன்று, மற்றதை இலக்கியச் செங்குன்று என்று பிரித்துச் சொல்கிறார்கள். எவ்வளவு தெளிவு! தமிழிலும் செங்குன்று என்றே எழுதுவது நல்லது, சிபி என்றால் நமக்குப் புறாவுக்குச் சதை கொடுத்த அரசன்தான் நினைவுக்கு வருவான்.

வந்தவாசியில் 1760-ல் நடந்த போரை 'வாண்டிவாஷ்' என்றும், பரங்கிப்பேட்டைப் போரை 'போர்ட்டோ நோவோ' என்றும் உலகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சீன மாணவன் வாண்டிவாஷை இந்திய வரைபடத்தில் தேடினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? நமக்கு நடந்ததை நாமே இன்னொருவருக்குச் செய்கிறோமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

நம்மால் முடியாது என்பதும் இல்லை. ஒரு விஷயத்தில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடச் சீனத்துக்குப் பக்கம். பெங்பு, பெய்ஜிங் என்பதில் ஆங்கிலத்தில் B-யா P-யா என்று நூறு வருடம் அடித்துக்கொண்டார்கள். சீனர் உண்மையில் சொல்வது நாம் 'பல்', 'பத்து' என்று சொல்லும்போது வருகிற மூச்சு விடாத பகரம்தான். தாலியனின் முதலெழுத்து நம் 'தலை'யின் தகரத்துக்கு வெகு அருகில். மூச்சு விட்டுச் சொல்கிற ஒலிதான் நம்மிடம் இல்லை, அதனால்தான் ஊரோடு மாகாணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. சீனப் போர் ஒன்றைப் பற்றி எழுதினால் ஊர்ப் பெயர் முதலில் வருகிற இடத்தில் மாகாணத்தைச் சேர்த்து 'ஜியாங்சு மாகாணத்து ஷூஜோ' என்று போடுங்கள், நாங்கள் கடிதத்தில் மாவட்டம் எழுதச் சொன்ன மாதிரி. பழைய புத்தகத்தில் வேறு பெயர் இருந்தால் அதையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், 'பழைய எழுத்தில் சுசௌ' என்று. கட்டுரை முழுக்க ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், முதல் பத்தியில் பீக்கிங், நாலாம் பத்தியில் பெய்ஜிங் என்று வேண்டாம். பழைய ஆங்கில நூலிலிருந்து எடுக்கிறபோது இக்காலப் பெயரை ஓசையை வைத்து ஊகிக்காமல், போர் நடந்த தேதி, தளபதி பெயர், பக்கத்து ஆறு அல்லது ரயில் பாதை இவற்றை வைத்து ஊரைப் பிடியுங்கள். ஊர்ப் பெயர் ஏமாற்றும், தேதி ஏமாற்றாது. வரைபடம் போடுகிறவரிடம் பெயரை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், எந்த ஊருக்கு எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுங்கள்.

இதை நான் எழுதக் காரணமே என் பேரன்தான். பிளஸ் டூ படிக்கிறான், உங்கள் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். இடம் தப்பு என்று நான் சொன்னதும், "பேப்பர்ல வந்திருக்கே தாத்தா" என்றான். அவன் நம்பியது எனக்கு வருத்தமில்லை, நம்ப வேண்டிய இடத்தைத்தான் நம்பியிருக்கிறான். அன்று இரவு இருவரும் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் புள்ளியை அடித்துவிட்டு, ஷூஜோவுக்கும் பெங்புவுக்கும் நடுவே ரயில் பாதையை வரைந்து, சூசியானைக் குறித்து, நியான்ஜுவாங்கைக் கிழக்கே வைத்தோம். வரைந்து முடித்ததும் தேசியவாதப் படை ஏன் தப்ப முடியவில்லை என்று நான் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்து வருடமாக நான் சேர்த்த 140 ஊர்களின் பட்டியலும் இருக்கிறது, பழைய எழுத்து, புதிய எழுத்து, மாகாணம், என்ன போர், எந்தத் தேதி என்று கையால் எழுதியது. உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது உதவும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம். சூஜோ கட்டுரைக்கும் ஜின்ஜோ குறிப்புக்கும் திருத்தம் போடுவதானால் அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் போடுங்கள். வெட்டி ஒட்டி வைத்த பிள்ளைகள் அங்கேதான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
விழுப்புரம்.